மலை காணாத திருமலை: சேரநாட்டுப் பார்வையில் வேங்கடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் செர்ளாய் என்னும் பகுதியில் கொங்கணி பேசும் மக்களின் பெருங்கோயில் ஒன்று உள்ளது. அங்கு எழுந்தருளியிருப்பவர் வேங்கடேசர். கோயிலின் பெயர் திருமலை தேவஸ்வம். மலையாள வழக்கில் திருமல. ஆயின் அங்கு மலை இல்லை. மட்டாஞ்சேரி கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட சமநிலம். கோயிலைக் காணச் செல்வோர் ஏற வேண்டிய படிக்கட்டோ சுற்றிவர வேண்டிய கிரியோ அங்கில்லை. மிளகும் சுக்கும் விற்ற பழைய வாணிகத் தெருக்களின் வழியே நடந்து சென்றால் 'திருமலை'யை அடைந்துவிடலாம்.

மலையில்லாத ஓரிடத்துக்கு மலைப்பெயர் அமைந்ததை வெறும் பெயர்ப்பெயர்ச்சி என்று கொண்டு விட்டுவிடுதல் எளிது. ஆயின் இப்பெயர் சேரநாட்டு மண்ணில் அமைந்துள்ளது என்பது கருதத்தக்கது. வேங்கடத்தைப் பாடிய தமிழ்ப் பனுவல்களுள் இரண்டு சேரநாட்டோடு நெருங்கிய தொடர்புடையன. ஒன்று, இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் வரும் மாங்காட்டு மறையவன் கூற்று. மற்றொன்று, குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் நான்காம் பதிகம். இவ்விரண்டையும் கோயிலை நேரிற்கண்டார் கூற்றாகக் கொண்டு, அவற்றிலிருந்து வேங்கடத்து இறையுருவம் பற்றியும் கோயிலமைப்புப் பற்றியும் செய்திகளைத் திரட்டுவது ஆய்வுலகில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அவ்வழக்கம் மறுபார்வைக்குரியது. இவ்விரு பனுவல்களும் மலையைக் கண்டு மீண்டவர் மொழிகள் அல்ல. காண விழைந்தவர் மொழிகள். இவ்வேறுபாட்டைக் கருதாது படிக்கும்போது அவற்றின் கவிதைப் பொருளில் பெரும்பகுதி நழுவிவிடுகின்றது.

கடக்கும் மலை

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாக வைக்கின்றது. சங்க அகப்பாடல்களில், சிறப்பாக மாமூலனார் பாடல்களில், வேங்கடம் புல்லி என்னும் தலைவனுக்குரிய மலை. பொருள்வயிற் பிரிந்த தலைவன் அதனைக் கடந்து மொழி வேறுபட்ட நாட்டிற்குச் செல்கின்றான். விழாச் சிறப்புடைய மலை என்று மாமூலனார் அதனைக் குறிப்பினும், அவர் பாட்டில் யாரும் அவ்விழாவைக் காண அங்குச் செல்வதில்லை. தலைவிக்கு அம்மலை தொலைவின் பெயர். அதற்கப்பால் உள்ளவன் திரும்பி வருவானா என்பதே அவள் கவலை.

முதலாழ்வார் மூவரிடத்தே இந்நிலை முற்றும் மாறுகின்றது. எல்லையாக இருந்த மலை சென்று சேரும் இடமாகின்றது. பேயாழ்வார் தாழ்ந்த சடையையும் நீண்ட முடியையும், மழுவையும் ஆழியையும் ஓருருவில் இசைந்தனவாக அங்குக் காண்கின்றார். வேங்கடத்து இறைவன் யார் என்ற பழைய வழக்கில் இப்பாடலை ஒரு சான்றாக இரு தரப்பினரும் கையாண்டுள்ளனர். நம்மாழ்வார் மேலும் ஒருபடி செல்கின்றார். திருவாய்மொழி மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில், மலை ஒன்றைத் தொழுதாலே வினை ஓயும் என்பது அவர் கருத்து. மலைமேல் உள்ளவனிடத்திலிருந்து மலைக்கே தொழுகை பெயர்கின்றது. தொலைவிலிருந்து தொழுவாரும் பயன்பெறலாம் என்பதற்கு இவ்விடத்தில் வாயில் திறக்கின்றது. அவ்வாயிலின் பயனை முழுதும் உணர்த்துவன சேரநாட்டுக் குரல்களே.

மாங்காட்டு மறையவன்

சிலப்பதிகாரக் காடுகாண் காதையில், உறையூர் நீங்கித் தென்திசை நோக்கி மதுரைக்குச் செல்லும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் ஆகியோர் எதிரே ஒரு மறையவனைக் காண்கின்றனர். அவன் பாண்டியனை வாழ்த்திக்கொண்டு வருகின்றான். ஊரும் வரவின் காரணமும் கேட்ட கோவலனுக்கு அவன் விடை கூறுகின்றான். தான் குடமலைப் பக்கத்து மாங்காட்டைச் சேர்ந்தவன். அரங்கத்தில் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் காட்டுக என்று தன் கண்கள் உள்ளத்தை வருத்தியமையால் புறப்பட்டு வந்தவன். வழியில் பாண்டிநாட்டின் சிறப்பைக் கண்டு மகிழ்ந்தவன். வேங்கடத்து நெடியோனை அவன் விளக்கும் பகுதி புகழ்பெற்றது. அருவி பெருகும் மலையுச்சியில், ஒருபுறம் ஞாயிறும் மறுபுறம் திங்களும் ஒளிர, இடையே மின்னலை உடுத்து வில்லைப் பூண்ட மேகம் நின்றாற்போல, ஆழியும் சங்கும் ஏந்தி நிற்கும் கோலம் அது.

வேங்கடத்து உருவம் தொடக்கத்தில் எத்தெய்வத்துக்கு உரியது என்னும் வழக்கில், இப்பகுதி மிகப் பழைய நேர்சான்றாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆழியும் சங்கும் அன்றே அவ்வுருவின் கைகளில் இருந்தன என்பது வாதம். இவ்வாதம் செய்வோர் மறையவன் நடந்துவரும் திசையைக் கவனித்ததாகத் தோன்றவில்லை. அவன் மேற்கே குடமலையில் தொடங்கித் தெற்கே பாண்டிநாட்டைக் கண்டு, இப்போது வடக்கு நோக்கி வருகின்றான். அரங்கமும் வேங்கடமும் அவனுக்கு இனிமேல்தான். அவன் கண்டதாகக் கூறுவது பாண்டியன் நாட்டை மட்டுமே. அதற்கு அவன் ஆளும் வினை 'கண்டேன்' என்பது. அரங்கமும் வேங்கடமும் அவன் கண்கள் காட்டுமாறு கேட்டவை. முன்பே ஒருமுறை சென்று வந்தான் என்பதற்குக் காதையில் எக்குறிப்பும் இல்லை. நெடியோன் கோலம் பற்றிய அவ்வரிகள் காணாதவன் கண்ணில் நின்ற காட்சி.

இதனால் சான்றின் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுதல் வேண்டா. உண்மையில் அது மிகுகின்றது. குடமலையில் வாழும் ஒருவன் தான் காணாத மலைக்கோயிலின் இறையுருவை இவ்வளவு நுணுக்கமாக மனத்தில் கொண்டிருந்தான் எனில், அவ்வுருவம் பற்றிய செய்தி மலைத்தொடரைத் தாண்டி மேல்கரைவரை பரவியிருந்தது என்பது பெறப்படும். சிலம்பு உணர்த்துவது ஒரு சிலையின் அமைப்பை அன்று. ஒரு புகழின் பரப்பை. கவிதை நோக்கிலும் இது பொருந்துகின்றது. காணாதவன் ஆகையால்தான் மறையவன் உவமையை நாடுகின்றான். கண்டவன் கருங்கல்லைக் கூறியிருப்பான். இவன் மேகத்தைக் கூறுகின்றான்.

குலசேகரர் பதிகம்

குலசேகரரை வஞ்சிக்களத்து அரசராகக் கொள்வது வைணவ மரபு. வஞ்சிக்களம் இன்றைய கொடுங்கல்லூரை அடுத்தது. மட்டாஞ்சேரிக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ளது. வரலாற்றறிஞர் எம்.ஜி.எஸ். நாராயணன் அவரை ஒன்பதாம் நூற்றாண்டுச் சேரப் பெருமாளாகிய தாணுரவியோடு ஒருவராகக் கருதினார். இதில் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் பதிகமுடிவுகளில் கொல்லிமலைக் காவலன் என்று தம்மைச் சுட்டிக்கொள்பவர் அவர். மலைகளுக்கு உரிமையுடைய ஓர் அரசர் பிறிதொரு மலையில் ஏதேனும் ஒரு பொருளாகக் கிடக்க வேண்டுமென்று கேட்கின்றார் என்பதே நான்காம் பதிகத்தின் அடிப்படை முரண்.

பதிகத்தின் வைப்புமுறை பலரும் அறிந்தது. ஊன் பெருக்கும் மனிதப் பிறவி வேண்டா, கோனேரியில் வாழும் குருகாகப் பிறத்தல் போதும் என்பது முதற்பாட்டு. தொடர்ந்து சுனைமீன், இறைவனுக்குப் பொன்வட்டில் ஏந்தும் பணியாள், செண்பக மரம், தம்பகம் என்னும் புதர், மலைமுகடு, காட்டாறு, மலைவழி, கோயில்வாசற்படி என ஒன்பது வேட்கைகள் வருகின்றன. பத்தாம் பாட்டில் ஏதேனும் ஒன்றாக இருத்தல் போதும் என்று முடிக்கின்றார். வாசற்படியை வேண்டிய பாட்டின் செல்வாக்கு பெரிது. திருமால் கோயில்களில் கருவறை வாயிற்படியைக் 'குலசேகரன்படி' என வழங்குவது இதனால் எழுந்த வழக்கு.

இவ்வரிசைக்கு உரைமரபு ஒரு விளக்கம் தருகின்றது. குருகு பறந்துபோய்விடக் கூடும், ஆதலால் மீன். சுனை வற்றினால் மீன் மாயும், ஆதலால் பணியாள் என ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டு அடுத்ததற்குச் செல்கின்றார் என்பது அது. அழகான விளக்கம்; பொய்யானதும் அன்று. எனினும் குறை நீக்கும் இம்முறை ஒன்றை விளக்காமல் விடுகின்றது. பொன்வட்டில் ஏந்துபவன் மூன்றாம் பாட்டிலேயே கருவறைக்குள் புகுந்துவிடுகின்றான். நான்முகன் முதலானோர்க்கும் புகுதற்கரிய வாசலைக் கடந்து உள்ளே சென்றவர், ஏன் நான்காம் பாட்டில் வெளியேறி மரமாக நிற்க வேண்டும்? ஏன் காட்டிலும் முகட்டிலும் ஆற்றிலும் அலைந்து, ஒன்பதாம் பாட்டில்தான் மீண்டும் வாசலுக்கு வர வேண்டும்?

பொன்வட்டில் ஏந்துதல் ஓர் அரண்மனைப் பதவி. அரசவையில் அத்தகைய பதவிகளை அளித்தும் பறித்தும் பழகிய ஒருவர்க்கு அதன் நிலையாமை தெரியும். யானைக் கழுத்தில் ஏறும் செல்வமும், மன்னர் வணங்கும் வெண்குடையும், ஆடல் மகளிர் கூத்தும் பதிகம் நெடுகத் தள்ளப்படுகின்றன. ஒருவன் இறைவனுக்கு மிக அணுக்கமாக நின்றாலும் பதவியால் நின்றால் அவன் வருகையாளனே. வந்தவன் திரும்பவும் வேண்டும். இதன் பின்னர்க் குலசேகரர் கேட்பவை யாவும் மலையைவிட்டு இறங்காதவை. மரம், புதர், முகடு, வழி, படி என அசைவு படிப்படியாக அடங்குகின்றது. இடையே காட்டாறு ஓடுகின்றது என்று தடை கூறலாம். ஆயின் ஆற்றில் ஓடுவது நீரே, ஆற்றின் தடம் மலையிலேயே கிடக்கின்றது. தடத்தை அடுத்து வழி வருவது தற்செயல் எனத் தோன்றவில்லை.

வழியும் படியும் ஆகும்போது இன்னொன்றும் நிகழ்கின்றது. அதுவரை மலையைக் காண விழைந்தவர், பிறர் மலையைக் காணச் செல்வதற்குரிய கருவியாகின்றார். அடியாரும் வானவரும் அரம்பையரும் மிதித்துச் செல்லும் கல்லாகக் கிடக்கின்றார். ஒன்பதாம் பாட்டில் மட்டுமே மொழிநடையும் மாறுகின்றது. ஏனைய பாட்டுகள் இறைவனைப் படர்க்கையில் வைத்துப் பெரும்பாலும் 'ஆவேனே' என்று முடிய, இப்பாட்டு அவனை முன்னிலையில் விளித்துக் 'காண்பேனே' என்று முடிகின்றது. செண்பகமாய் நின்று திருவடி காண விரும்பியவர் இங்குப் பவளவாயைக் காண்கின்றார். நின்றவர்க்கு அடியும் கிடந்தவர்க்கு முகமும் தெரிவது உலகியலுக்கு மாறானது. அம்மாற்றத்தைப் பதிகம் விளக்குவதில்லை.

பதிகம் அத்தோடு முடிந்திருந்தால் கண்டார் பாட்டு என்று கொள்ளலாம். பத்தாம் பாட்டோ மீண்டும் படர்க்கைக்குச் சென்று, காட்சியையும் விடுத்து, 'ஏதேனும்' என்று தாழ்கின்றது. பயன் கூறும் பதினொன்றாம் பாட்டு இதற்குத் திறவுகோல். வேங்கடத்தான் சேவடிகளைக் காணும்பொருட்டு விரும்பி வணங்கிக் குலசேகரன் சொன்ன பாட்டு என்று அது கூறுகின்றது. 'காண்பான்' என்னும் வினையெச்சம் காணப்போகும் நோக்கத்தைக் குறிப்பது. கண்டு முடித்ததைக் குறிப்பதன்று. அரங்கனைக் காணும் நாள் எந்நாளோ என்று ஏங்கும் முதற்பதிகத்தோடு இதனை இணைத்துப் படித்தல் தகும். திருவரங்கத்துக்குப் புறப்படும் அவரை அமைச்சர்கள் தடுத்துக்கொண்டே இருந்தனர் என்னும் குருபரம்பரைக் கதை வரலாறாக இல்லாமற்போகலாம். பாட்டுகளின் உள்ளநிலையை நன்கறிந்து புனைந்த கதை அது.

நான்காம் பதிகத்தை அடுத்து வைக்கப்பெற்ற ஐந்தாம் பதிகம் விற்றுவக்கோட்டைப் பாடுவது. அது சேரநாட்டுக்குள்ளேயே, பாரதப்புழைக் கரையில் உள்ள தலம். அங்கு உவமைகள் முற்றிலும் வேறு. தாய் வெறுத்தாலும் அவளையே நினைந்தழும் குழந்தை, மருத்துவன் அறுத்துச் சுட்டாலும் அவனிடம் அன்பு மாறாத நோயாளன், கரை காணாமல் அலைந்து மீண்டும் கப்பலின் கூம்பில் வந்தமரும் பறவை என்பன அவற்றுட் சில. அருகிலுள்ள தலத்துக்குப் போக்கும் வரவும் உடைய உறவுகள் உவமையாகின்றன. தொலைவிலுள்ள மலைக்கோ அசையாப் பொருள்கள். எளிதிற் சென்று மீளத்தக்க இடத்தைப் பற்றி ஒருவர் பறவையாகலாம்; செல்லற்கரிய இடத்தைப் பற்றிக் கல்லாகத்தான் இயலும்போலும். பெருமாள் திருமொழியைத் தலவாரியாகப் பிரித்துத் திரட்டும் நூல்கள் இவ்விரு பதிகங்களையும் வெவ்வேறு இயல்களில் வைத்துவிடுவதால் இவ்வியைபு படிப்போர்க்குப் புலப்படாமற் போகின்றது.

இன்னொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. வைணவர் கணக்கில் மலைநாட்டுத் திருப்பதிகள் 13. பெயரில் மலைநாடு இருப்பினும் அவற்றுள் பெரும்பாலானவை ஆற்றங்கரைச் சமவெளியில் உள்ளவை. கொச்சியை அடுத்த திருக்காட்கரையும் திருமூழிக்களமும் அத்தகையனவே. நாடு முழுதும் மலையாக இருந்தும் இறைவன் நிற்கும் மலைக்காகச் சேரநாட்டார் வடகிழக்கு நோக்கினர்.

மேலே உள்ளவை

இப்பதிகத்தைப் பாடமாக ஓதிக்கொண்டு இன்று திருமலை செல்வோர் காண்பது யாது? 1944இல் மலைச்சாலை திறக்கப்பட்டபின் பெரும்பாலோர் வண்டியில் ஏறுகின்றனர். அலிபிரிப் படிகள் வழியே நடப்போரும் மிகப்பலர். அடிவாரத் திருப்பதியில் கிடந்த கோலத்தில் கோவிந்தராசர். திருச்சானூரில் பத்மாவதித் தாயார். மேலே ஏழுமலையானைக் காணுமுன் கோனேரிக்கரையில் வராகரைத் தொழுதல் முறை. கருவறையில் மூலவரோடு வெள்ளியாலான போக சீனிவாசரும், உலா எழுந்தருளும் மலையப்பரும் உள்ளனர். மலையப்பர் என்னும் தமிழ்ப்பெயர் இன்றும் வழங்கிவருவது மகிழ்ச்சிக்குரியது. அக்கோயிற் கல்வெட்டுகளில் மிகுதியானவை தமிழில் அமைந்தவை என்பதும் அறிஞர் அறிந்ததே. குலசேகரர் கேட்டவற்றுள் கோனேரி உண்டு, படி உண்டு. காட்டுவழியும் கானாறும் ஓரளவு உண்டு. நெரிசலில் கருவறை முன் சில நொடிகள் மட்டும் நின்று நகர்த்தப்படும் ஒருவர்க்கு, இறங்கவே வேண்டாத பொருளாகக் கிடக்க வேண்டும் என்ற வேட்கை பழங்கதையாகத் தோன்றாது.

பெயர்ந்த தெய்வங்களின் ஊர்

மட்டாஞ்சேரிக்குத் திரும்புவோம். அவ்வூர்த் தெய்வங்கள் பலவும் வேற்றிடங்களின் பெயர் தாங்கியவை. போர்த்துகீசியர் கட்டி 1663க்குப்பின் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை வளாகத்தில் இருப்பவள் பழயன்னூர்ப் பகவதி. கொச்சி அரசகுலத்தின் காவல் தெய்வம். பழயன்னூரோ வடக்கே உள்ளடங்கிய வேறோர் ஊர். அரண்மனையை ஒட்டியுள்ள யூதர் தொழுகைக்கூடத்தின் பெயர் பரதேசி, 1568இல் எழுந்தது. கொங்கணி மக்களோ கோவாவில் போர்த்துகீசியர் நெருக்கடிக்கு அஞ்சிப் பதினாறாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்தவர்கள். அவர்களைச் சேர்ந்த மருத்துவர் மூவர், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்போர், மலபார் மூலிகைகளைத் திரட்டிய டச்சு நூலுக்கு 1675இல் கொங்கணியில் சான்றுரை எழுதினர். தம் மொழியை விடாது பேணிய ஒரு மக்கட்கூட்டம் தம் கோயிலுக்கு மட்டும் 'திருமலை' என்னும் தென்மொழிப் பெயரை ஏற்றது.

இதற்கும் ஆழ்வார் பாடலுக்கும் நேர்த்தொடர்பு கற்பித்தல் கூடாது. அவர்கள் மத்துவ நெறியினர். திவ்வியப் பிரபந்தம் அவர்தம் ஓத்து அன்று. ஒப்புமை இருப்பது நிற்கும் நிலையில்தான். மேல்கரையில் நின்று கீழ்த்திசை மலையை நோக்கும் நிலை அது. கோயில் 1599இல் எழுந்தது என்பது அவர்கள் மரபு. 1790இல் கொச்சியின் அரியணையேறிய சக்தன் தம்புரானுக்கும் கொங்கணி வணிகர்க்கும் அடுத்த ஆண்டே பெரும்பூசல் மூண்டது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. வேங்கடேசர் திருவுருவைத் திருவிதாங்கூர் எல்லைக்குள் கொண்டுசென்றனர் என்றும், அது 1853இல்தான் மட்டாஞ்சேரிக்கு மீண்டது என்றும் கோயில் வரலாறு கூறுகின்றது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அப்பெயருக்குரிய இறைவன் அவ்விடத்தில் இல்லை.

மலையை எடுத்துச் செல்ல இயலாது, உருவத்தை இயலும். குலசேகரர் மலையோடு கிடக்க விரும்பி இறைவன் இருக்குமிடத்துக் கல்லாக வேண்டினார். இருக்க இடமின்றிப் பெயர்ந்தவர்கள் இறைவனைத் தம்மோடு சுமந்து, தாம் இறக்கிவைத்த இடத்தை மலை என்றனர். ஒருவர் அரசர், அவர்க்கு நாடு இருந்தது, துறத்தற்குச் செல்வம் இருந்தது. மற்றையோர்க்கு அது இல்லை. அரச வாழ்வைத் துறந்து புதராவேன் என்று பாடுதற்கும் ஒரு வாழ்வு கையில் இருத்தல் வேண்டும் என்பதை, பதிகத்தின் துறவுச் சுவையைப் போற்றும் திறனாய்வுகள் நினைப்பதில்லை. மட்டாஞ்சேரிக் கோயிலின் பெயரை அருகில் வைத்து நோக்கும்போதே அச்செய்தி புலனாகின்றது.

பத்தாம் பாட்டின் 'ஏதேனும்' என்னும் சொல்லுக்கு, இறைவன் அறியினும் அறியாவிடினும் அம்மலையில் ஒரு பொருளாக இருத்தல் என்று உரைவழிப் பொருள் கொள்வதுண்டு. அவ்வாறு கொண்டால் அச்சொல்லில் இடம் மட்டுமே எஞ்சுகின்றது. காட்சியும் பணியும் வடிவமும் இல்லை. திருவுருவம் நீங்கியிருந்த அறுபது ஆண்டுகளிலும் செர்ளாயில் எஞ்சியிருந்தது அதுவே.